கறம்பக்குடிக்கு வந்த சால்மன் எண்ணெய்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதமும் கூடவே வைத்திருந்த புட்டியின் படமும் கிடைத்தன. வான்கூவரில் இருக்கும் உங்கள் தங்கை மகன் ஊருக்கு வந்தபோது கொடுத்துவிட்டுப் போன புட்டி அது. படகின் பின்னால் தூண்டிலை இழுத்துக்கொண்டு போய் சால்மன் பிடிக்கிறவர்கள் இரையில் தடவும் எண்ணெய். மூடியைத் திறந்ததும் வீடே கருவாட்டுக் கடையாகிவிட்டது, அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத் தடவினால் நம் ஊர்க் குளத்தில் விரால் வருமா என்பது உங்கள் கேள்வி.

வராது. காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் சுற்றிவர வேண்டும்.

அங்கே மத்தி இனத்துச் சிறுமீனான ஹெர்ரிங்கைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள். சதை கெட்டிப்படும், செதில் உதிராது, பளபளப்பும் போகாது. பிறகு தலையைச் சாய்வாக அறுத்துவிட்டு முள்ளில் கோர்த்து, ஆள் நடக்கிற வேகத்தில் படகை விடுவார்கள். அந்தச் சாய்வு வெட்டினால் இரை தண்ணீரில் சுழன்றுகொண்டே போகும், அடிபட்ட மீன் தடுமாறுவது மாதிரி. சால்மனை முதலில் இழுப்பது அந்தச் சுழற்சியும் மினுக்கும்தான். மணத்தின் வேலை அதற்குப் பிறகு: பின்னாலேயே வந்து, கடிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மீனைக் கடிக்க வைப்பது. படகு ஓடிக்கொண்டே இருப்பதால் மணமும் ஒரு தடம்போலப் பின்னால் நீண்டு கிடக்கும்.

சால்மனின் மூக்கும் லேசுப்பட்டதல்ல. 1950களில் சியாட்டில் பக்கம் இசாக்வா என்ற ஓடையில் ஆர்தர் ஹாஸ்லரும் வாரன் விஸ்பியும் சில சால்மன்களின் மூக்கில் பஞ்சை அடைத்துவிட்டார்கள். மற்றவை பெரும்பாலும் பிறந்த ஓடையைக் கண்டுபிடித்துத் திரும்பின. மூக்கடைபட்டவற்றில் பல வழி தவறின. அதே காலத்தில் கனடாவில் இன்னொரு சோதனை. மீன் ஏறிவரும் வழியில் மேலே மனிதக் கையை அலசிய தண்ணீரை ஊற்றினார்கள். ஏறிவந்த சால்மன் தயங்கி நின்றுவிட்டது. கரடிப் பாதத்தை அலசிய தண்ணீருக்கும் அப்படியே. தோலில் இருக்கும் செரின் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று 1956இல் கண்டார்கள்.

இதைப் படித்தபோது என் தாய்மாமா நினைவுக்கு வந்தார். ஓயாமல் பீடி பிடிக்கிற ஆள். புழு கோர்க்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிடுவார். "என் கை பட்டா மீனுக்கு இருமல் வந்துரும்டா" என்பார். என்னையும் சும்மா விடமாட்டார். கரைச் சேற்றை அள்ளிக் கையைத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் புழு இருக்கிற கொட்டாங்கச்சியைத் தருவார். சால்மனுக்குச் சொன்னது நம் கெண்டைக்கும் அச்சாகப் பொருந்தும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கை கழுவுவதில் நட்டம் ஒன்றுமில்லை.

இப்போது நம் குளத்துக்கு வருவோம். மீனுக்கு மணம் என்பது தண்ணீரில் கரைந்து வருவது. மீனின் மூக்குத் துளை வாயோடு சேராது. ஒரு வழியாகத் தண்ணீர் புகுந்து இன்னொரு வழியாக வெளியேறும், அவ்வளவுதான். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மிதக்கும். உங்கள் புட்டியைக் குளத்தில் கவிழ்த்தால் மேலே வானவில் மாதிரி படலம் பரவும். அடியில் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கும் மீனுக்கு ஒரு சேதியும் போகாது. போதாததற்கு, நம் குளத்து நீர் நிற்கிற நீர். மணத்தைச் சுமந்து போக ஓட்டமும் இல்லை, படகும் இல்லை. ஐப்பசி மழையில் அக்னியாற்றில் தண்ணீர் ஓடும் சில வாரங்களை வேண்டுமானால் விட்டுவிடலாம்.

விரால் கண்ணால் வேட்டையாடுவது. துடிக்கிற தவளைக்குஞ்சோ உயிருள்ள சிறுமீனோ பாசி ஓரத்தில் அசைந்தால் பாயும். அதற்கு எண்ணெய் தடவுவது தவிலுக்கு மை தீட்டுவது மாதிரி. கெளுத்தியின் கதை நேர்மாறு. அதன் மீசையில் மட்டுமல்ல, உடம்புத் தோலிலும் சுவை மொட்டுகள் உண்டு; உடம்பே நாக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கலங்கல் தண்ணீரிலும், இருட்டிலும் கோழிக்குடலைத் தேடி வந்துவிடும். உங்கள் புட்டிக்கு நம் ஊரில் யாராவது மயங்குவார்கள் என்றால் கெளுத்திதான், அதுவும் எண்ணெயை மாவில் பிசைந்து உருண்டையாக அடியில் இறக்கினால்.

கட்லாவும் ரோகுவும் வேறு ரகம். குத்தகைக் குளங்களில் தவிடும் கடலைப் புண்ணாக்கும் தின்று வளர்ந்தவை. ஹெர்ரிங்கின் வாசம் அவற்றுக்கு எங்கே தெரியப்போகிறது? நம் பக்கத்துக் கடலைக்காட்டுச் சரக்கான புண்ணாக்கை ஊறவைத்துப் பிசைந்து, தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், மூன்று நான்கு நாள் கொஞ்சமாய்த் தூவுங்கள். பிறகு அங்கே தூண்டிலை இறக்குங்கள். (குத்தகைதாரரிடம் முதலில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், இல்லையென்றால் மீன் வருவதற்குள் அவர் வந்துவிடுவார்.) ஒகேனக்கலுக்கு மேலே காவிரியில் மகசீர் பிடிக்க வெள்ளைக்காரர்களே கேழ்வரகுக் களி உருண்டையைத்தான் கோர்த்தார்கள். அந்த மீனின் திமில் கொண்ட பெரிய இனம் இன்று அழியும் விளிம்பில் நிற்கிறது, அது வேறு வருத்தம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். கெண்டையைத் துண்டு போட்டுக் கெண்டைக்கே இரையாக வைக்காதீர்கள். தேனீ ஆராய்ச்சிக்காக நோபல் வாங்கிய கார்ல் வான் ஃப்ரிஷ் 1938இல் கண்டது இது: கெண்டை இனத்துச் சிறுமீன் ஒன்றின் தோல் கிழிந்தால், அதிலிருந்து கசியும் பொருளை மோந்து கூட்டமே சிதறி ஓடும். கெளுத்தி இனத்துக்கும் இந்த எச்சரிக்கை உண்டு. காயப்பட்ட மீனை நீங்கள் இரக்கப்பட்டு அதே இடத்தில் விட்டால் அன்றைய பிடிப்பு அத்தோடு சரி.

சால்மன் என்றதும் இன்னொன்று. நகரத்து மீன்கடையில் 'இந்தியன் சால்மன்' என்று விற்கிறார்களே, அது நம் காலா மீன். சால்மனுக்கும் அதற்கும் உறவே இல்லை. குழம்புக்கு நன்றாக இருக்கும் என்பது மட்டும் உண்மை.

புட்டியைக் கொட்டிவிட வேண்டாம். இறுக மூடி, வீட்டுக்கு வெளியே மாட்டுக் கொட்டகைப் பக்கம் வையுங்கள். கார்த்திகையில் குளம் நிறைந்ததும் ஒரு ராத்திரி கெளுத்திக்கு வைத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள். தங்கை மகனிடம், அடுத்த முறை எண்ணெய்க்குப் பதிலாக நல்ல தூண்டில் முள் ஒரு டப்பா வாங்கிவரச் சொல்லுங்கள். சின்ன அளவில்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளன்