ஏரிக்கரையில் ஒரு காலைப் பாடம்

ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல், கொள்ளளவு என்று சிவில் வகுப்பில் படிக்கிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனா ஏரியில பறவைக்கும் ஒரு பங்கு உண்டுன்னு நான் தெரிந்துகொண்டது வேடந்தாங்கலில்தான்.

ஜவ்வாது மலையில் பிறந்து நம்ம செங்கம் வழியா ஓடும் செய்யாறு, பாலாற்றில் கலக்கிறது. அந்தப் பாலாற்றுக்குத் தெற்கே, செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ளது வேடந்தாங்கல். பரப்பு சுமார் 30 ஹெக்டேர். ஒரு ஜனவரி மாதக் காலையில் நண்பர்கள் நால்வர் கரைமீது நடந்தோம்.

அலகே ஆயுதம்

நம்ம ஒர்க்‌ஷாப் மாதிரி, அங்கே ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கருவி!

1. நத்தைகுத்தி நாரை: இரண்டு அலகுக்கும் நடுவில் இடைவெளி. நத்தையைப் பிடிக்க ஏற்ற கொறடு.
2. கரண்டிவாயன்: தட்டை அலகால் தண்ணீரை இடமும் வலமும் துழாவும்.
3. கூழைக்கடா: அலகின் கீழே பை, மீனை அள்ளும் வலை.
4. நீர்க்காகம்: மூழ்கி மீன் பிடித்து, பிறகு கிளையில் சிறகை விரித்துக் காயவைக்கும்.

ஊர் காத்த ஏரி

பறவை எச்சம் கலந்த நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் உண்டு. அது மதகு வழியாக வயலுக்குப் போகிறது. இந்த லாபம் தெரிந்த ஊரார், பறவைகளைச் சுடக்கூடாதென்று 1798-லேயே ஆங்கில ஆட்சியரிடம் பட்டயம் வாங்கினார்கள். 1936-ல் அது சரணாலயமானது. 2022-ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பறவை மிரளுமென்று ஊரில் பட்டாசு வெடிப்பதில்லை.

நமக்கு என்ன பாடம்?

நாளைக்கு நம்மில் பலர் ஏரி தூர்வாரும் வேலைக்கு எஸ்டிமேட் போடுவோம். மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால், அந்த நீர் கிணறுகளுக்கு ஊற்றாகலாம். ஆனா தானாக மதகு வழியே வயலுக்கு வராது. ஏரி முழுவதையும் ஒரே ஆழத்துக்கு வெட்டிவிட்டால், முழங்கால் நீரில் நின்று இரை தேடும் நாரை எங்கே போகும்? உள்ளே நிற்கும் கருவேல மரங்களையும் வேரோடு எடுத்துவிட்டால் கூடு எங்கே கட்டும்?

எனவே ஒரு ஓரத்தைச் சரிவாக விடுங்கள். நடுவே மரத்தோடு ஒரு மண்திட்டை விட்டுவையுங்கள். பிளானில் அதற்கும் ஒரு கோடு போடுங்கள். செலவு பெரிசில்லை நண்பர்களே, மனசு வேணும். நம்ம செங்கத்து ஏரிகளிலும் நாரைகள் இறங்கட்டும்!