அம்பாசடர் இன்ஜினில் எலக்ட்ரிக் ஃபேன்



அம்பாசடர் கார் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய பி.எம்.சி. வடிவமைப்பு 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினை ஆசையாக வைத்திருப்பவர்கள் இன்னும் பட்டறைக்கு வருகிறார்கள். அவர்கள் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "சிக்னல்ல நின்னா சூடாகுது தம்பி, மாருதி ஃபேன் ஒண்ணு மாட்டிக் குடுங்க." மாட்டலாம். ஆனால் முதலில் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: ஓடும்போதும் சூடாகிறதா, நிற்கும்போது மட்டுமா?

மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் காற்று தானாகவே ரேடியேட்டருக்குள் புகும். அப்போதும் முள் ஏறினால் குற்றம் ஃபேன் மீது இல்லை. ரேடியேட்டர் டியூபில் உப்பு படிந்திருக்கும். அல்லது பிளாக்கின் பின்பக்கம், நான்காவது சிலிண்டரைச் சுற்றித் துருவும் சேறும் அடைத்திருக்கும். எல்லாம் போர் தண்ணீர் செய்கிற வேலை. சில பிளாக்கில் டிரெயின் டேப்பைத் திறந்தால் சொட்டுக்கூட வராது, கம்பி விட்டுக் குத்த வேண்டும். இதைச் சுத்தம் செய்யாமல் எந்த ஃபேன் மாட்டியும் பயனில்லை.

நிற்கும்போது மட்டும் சூடு என்றால் சரி, மேலே போகலாம். பழைய ஃபேன் வாட்டர் பம்ப் புல்லியோடு சுற்றுவது. ஐட்லிங்கில் காற்று போதாது. எலக்ட்ரிக் ஃபேனுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் கரண்ட்? சிறிய ஃபேனே 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும். அக்காலத்து டைனமோ முழு வேகத்தில் தருவதே சுமார் 20 ஆம்பியர். ஐட்லிங்கில் சார்ஜே ஏறாது. அதாவது ஃபேன் எப்போது அதிகம் தேவையோ அப்போதுதான் டைனமோ கை விரிக்கிறது! இரவில் ஹெட்லைட்டும் எரிந்தால் பேட்டரி காலி. ஆகவே ஆல்டர்னேட்டர் இல்லாத வண்டிக்கு எலக்ட்ரிக் ஃபேன் வேண்டாம் என்பதே என் கருத்து.

இன்னொரு சங்கதி, பாசிட்டிவ் எர்த். மிகப் பழைய வண்டிகளில் பேட்டரியின் பிளஸ் முனைதான் பாடியில் இருக்கும். வழக்கம்போல் வயர் கொடுத்தால் மோட்டார் தலைகீழாகச் சுற்றி, எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். கிரில் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்துப் பாருங்கள்; உள்ளே இழுத்து ஒட்ட வேண்டும். பழைய ஃபேன் இலைகளைக் கழற்றியபின் புல்லியை அதே நீள போல்ட்டால் முடுக்கினால் முனை பம்ப் பாடியில் உரசலாம், கையால் சுற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் "கழட்டிப் போட்டுடு, தண்ணி தாராளமா ஓடும்" என்பார்கள். அதைக் கழற்றினால் காலையில் இன்ஜின் சூடேற வெகுநேரமாகும். பெட்ரோல் ஆயிலில் கலந்து சிலிண்டர் தேயும். 82 டிகிரியில் திறக்கும் தெர்மோஸ்டாட் இருக்கட்டும். ஃபேன் சுவிட்ச் அதைவிடப் பத்து டிகிரி மேலே வேலை செய்தால் போதும். தெர்மோஸ்டாட் திறக்கும் அதே சூட்டில் வைத்தால் ஃபேன் நிற்கவே நிற்காது.

கடைசியாக ரேடியேட்டர் கேப். 0.9 பார் கேப் போட்டால் தண்ணீர் ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காதுதான். ஆனால் 0.5 பாருக்குச் செய்த, ஈயப்பற்று வைத்த பழைய டாங்க் அதைத் தாங்குமா? கழுத்தின் ஆழமும் கேப்புக்குக் கேப் மாறும். ஆழம் பொருந்தாத கேப் ஒன்று பிடிக்காது, அல்லது அழுத்தத்தை வெளியே விடாது. பழைய எண்ணுள்ள கேப்பையே தேடி வாங்குங்கள்.