பழைய வீட்டிற்கு ஒரு புதிய அறை

குவகாத்தியில் பழைய ‘அசாம் பாணி’ வீடொன்றில் வாழும் குடும்பத்தினர் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஓர் அறையைக் கூடுதலாகக் கட்ட விரும்புகின்றனர் எனக் கொள்வோம். செங்கற்சுவர் எழுப்பிக் கான்கிரீட் தளம் போடுவதா, பழைய வீட்டைப் போலவே மரச்சட்டமும் தகரக் கூரையும் அமைப்பதா என்பதே அவர்கள்முன் நிற்கும் வினா.

1897ஆம் ஆண்டு சூன் 12ஆம் நாள் மாலை அசாமைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. ஷில்லாங்கில் கல்லால் கட்டப்பெற்ற கட்டடங்கள் தரைமட்டமாயின. அதன் பின்னரே இலகுவான வீடுகள் அப்பகுதியில் பெருகின. மரத்தூண்களையும் சட்டங்களையும் பிணைத்து, இடையே ‘இக்ரா’ என்னும் நாணற்றட்டைகளை நிறுத்தி, இருபுறமும் மண்சாந்து பூசுவர். சன்னலின் அடிமட்டம்வரை செங்கல் வைப்பதும் உண்டு. மேலே சரிவான தகரக் கூரை. நிலம் அசையும்போது இவ்வீடு வளைந்துகொடுக்கும். பூச்சு உதிரலாம்; சுவர் ஆள்மேல் சரிவது அரிது.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். ஒரு கனமீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,500 கிலோகிராம். எனவே 12 செ.மீ. கனமுள்ள தளம் சதுரமீட்டருக்கு 300 கிலோகிராம் இருக்கும். அறையின் பரப்பு ஏறத்தாழ 11 சதுரமீட்டர். ஆகவே தளம் மட்டுமே 3,300 கிலோகிராம்! அரை மில்லிமீட்டர் தகரமோ சதுரமீட்டருக்கு ஐந்து கிலோகிராம் அளவினதே. கைமரங்களைச் சேர்த்தாலும் கூரை சில நூறு கிலோகிராமில் அடங்கிவிடும். எடை மிகுந்தால் நிலநடுக்கத்தின்போது கட்டடம் தாங்கவேண்டிய விசையும் மிகும்.

அதனால் கான்கிரீட்டைக் குறைகூறுதல் பொருந்தாது. தூணும் உத்தரமும் கம்பியும் முறையாக அமைந்த கட்டடம் நன்கு தாங்கும். செலவைக் குறைப்பதாக எண்ணி, கம்பிப் பட்டை இல்லாத வெறுஞ்சுவரின்மேல் பாரமான தளத்தை ஏற்றுவதே ஆபத்து. தகரத்திற்கும் குறைகள் உண்டு. கோடையில் அறை கொதிக்கும். அடைமழையில் அருகிலிருப்பவர் பேச்சும் கேளாது. மூங்கிற்பாயால் உட்கூரை அமைத்தால் இரண்டும் ஓரளவு தணியும். தகரத்தை இறுக்கும் ஆணிக்கான துளையை மடிப்பின் மேட்டில் இடவேண்டும். பள்ளத்தில் இட்டால் அவ்வழியே மழைநீர் இறங்கும்.

பலர் மறந்துவிடும் ஒன்று, பழையதும் புதியதும் சேருமிடம். மரவீடு ஒருவகையாக அசையும். செங்கல் அறை வேறுவகையாக அசையும். ஒட்டிக் கட்டினால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆகவே நடுவே இடைவெளி விட்டு, அதன்மேல் ஒருபக்கம் மட்டும் பொருத்திய தகட்டால் மூடுவர். புதிய அறையும் மரச்சட்டத்தாலானது எனில், பழைய சட்டத்தோடு பிணைத்துவிடலாம். அதற்குமுன் தச்சர் பழைய தூண்களின் அடியை உளியால் குத்திப் பார்ப்பார். உளி எளிதில் இறங்கினால், மாற்றவேண்டியது முதலில் அந்தத் தூணே.

சொற்பொருள்: கைமரம் – கூரையைத் தாங்கும் சாய்மரம்; உத்தரம் – தூண்களின்மேல் கிடக்கும் விட்டம்.

வினாக்கள்
1. அக்குடும்பத்தினர்க்கு நீங்கள் எக்கூரையைப் பரிந்துரைப்பீர்கள்? காரணம் தருக.
2. உம் வகுப்பறைத் தளத்தின் நீள அகலங்களை அளந்து, அதன் எடையைக் கணக்கிடுக.