பட்டாவில் ஏர், பேச்சில் கிரவுண்டு

தாம்பரம், சேலையூர், முடிச்சூர் பக்கம் மனை பார்க்கிறீர்களா? தரகர் கிரவுண்டில் பேசுவார், பத்திரத்தில் சதுர அடி இருக்கும், பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும். முன்பணம் கொடுக்கும் முன் மூன்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவந்து பாருங்கள். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், சுமார் 1,076 சதுர அடி. பட்டாவில் 0-02.50 என்றிருந்தால் 2.5 ஏர், அதாவது 2,691 சதுர அடி.

பலர் சறுக்குவது இங்கேதான்: ஒரு மீட்டர் 3.28 அடி என்பதால் சதுர மீட்டரையும் 3.28-ஆல் பெருக்கிவிடுகிறார்கள். நீளம், அகலம் இரண்டும் மாறுவதால் இருமுறை பெருக்க வேண்டும், 10.76 வரும். வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இந்தக் கணக்கை அவர்களிடமே கொடுங்கள். அலகு மாற்றம் மறக்கவே மறக்காது.

மனையில் கட்டும் சம்ப்பின் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) கொள்ளளவுக்கும் இதுபோன்ற பெருக்கல்தான்: நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர்.

மழைக்கணக்கு இன்னும் எளிது. ஒரு மில்லிமீட்டர் மழை, சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 2015 டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. பெய்தது. ஒரு கிரவுண்டு மனையில் மட்டும் சுமார் 1,09,000 லிட்டர், 12,000 லிட்டர் லாரியில் ஒன்பது நடை! மழைநீர்க் குழிக்கும் இதே கணக்குதான்: 1,000 சதுர அடி மொட்டைமாடியில் ஒரு செ.மீ. மழைக்கு ஏறக்குறைய 930 லிட்டர்.