வெடி வெடிக்காத ஊர்

வேடந்தாங்கல் 2019 வரை நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. இப்போது செங்கல்பட்டு மாவட்டம். அந்த ஏரிப் பறவைகளை வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டபோது ஊர்மக்களே கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798-இல் கலெக்டர் லயோனல் பிளேஸ் பாதுகாப்பு உத்தரவு தந்தார். மக்களுக்கு ஏன் அவ்வளவு அக்கறை? பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலந்து உரமாகிறது. அந்தத் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும். தீபாவளிக்குக்கூட அங்கே பட்டாசு வெடிப்பதில்லை. (நம்ம தெருவில் சொல்லிப் பாருங்க, அடிக்க வருவாங்க!)

நாம் என்ன செய்யலாம்? 2015 முதல் தமிழ்நாட்டில் பொங்கல் லீவில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. ஓர் இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளை எண்ணி ‘இ-பேர்ட்’ தளத்தில் பதிய வேண்டும். வருஷா வருஷம் அதே இடத்தில் எண்ணினால்தான் குறையுதா, கூடுதா என்று தெரியும்.

போன பொங்கலுக்கு நான் சர்வதீர்த்தக் குளத்தில் எண்ணினேன். பறந்தபோது வெள்ளையாகத் தெரிந்ததை எல்லாம் கொக்கு என்று எழுதிவிட்டேன். தறியில் இருந்த தாத்தாதான், “உட்கார்ந்தா மண் நிறம், பறந்தா வெள்ளை, அது மடையான்டா” என்றார். கணக்கே தப்பு! வர்ற பொங்கலுக்கு யாராவது கூட வாங்க. ஒருத்தர் பார்க்க, ஒருத்தர் எழுதலாம்.