கண்காணிப்புக் காமிராவும் கேபிள் ஒழுங்கும்



கண்காணிப்புக் காமிரா என்பது இன்று பெரிய கடைகளுக்கு மட்டும் உரியதன்று. பொதுமக்கள் கூடும் கட்டடங்களில் காமிரா பொருத்துவதற்கான விதிகளை நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குத் தமிழக அரசு 2012ஆம் ஆண்டிலேயே வெளியிட்டது. செங்கல்பட்டு கடைத்தெருவிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரை மளிகைக் கடைகளிலும் குடோன்களிலும் காமிரா வைத்திருக்கிறோம். ஆனால் கல்லாவில் பணம் குறைந்த அன்றோ, பூட்டு உடைபட்ட அன்றோ பதிவைத் திருப்பிப் பார்த்தால், நமக்கு வேண்டிய நேரத்துப் படம் மட்டும் இருப்பதில்லை. காமிரா நன்றாகத்தான் இருக்கும். பழுது கேபிளில் இருக்கும். காமிராவை விலை கேட்டு, பார்த்துப் பார்த்து வாங்கும் நாம், கேபிளைப் பொருத்துபவர் இஷ்டத்திற்கு விட்டுவிடுகிறோம். எனவே கேபிளைப் பற்றிச் சில செய்திகளை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

1. இரண்டு முறைகள்

டி.வி.ஆர். முறையில் படத்துக்கு ஒரு கம்பியும் மின்சாரத்துக்குத் தனிக் கம்பிகளும் ஒரே உறைக்குள் வரும். கடைகளில் இதை ‘3+1 கேபிள்’ என்று கேட்டு வாங்கலாம். என்.வி.ஆர். முறையில் கம்ப்யூட்டருக்குப் போடும் கேட்-6 கேபிள் போதும். பி.ஓ.இ. ஸ்விட்ச் வைத்தால் படமும் மின்சாரமும் அந்த ஒரே கேபிளில் போகும். இதற்கு எல்லை 100 மீட்டர். கடைக்குப் பின்னால் உள்ள குடோன் அதைவிடத் தூரம் என்றால் நடுவில் இன்னொரு ஸ்விட்ச் வைக்க வேண்டும்.

2. வழியில் சிந்தும் மின்சாரம்

ஓட்டை மூட்டையிலிருந்து வழியெல்லாம் அரிசி சிந்துவதுபோல, மெல்லிய கம்பியில் மின்சார அழுத்தம் குறைந்துகொண்டே போகும். இதைக் கணக்காகவே பார்க்கலாம். 0.64 மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பிக்கு 100 மீட்டருக்குச் சுமார் 5 ஓம் தடை உண்டு. காமிரா 50 மீட்டர் தொலைவில் இருந்தால் மின்சாரம் போக 50, திரும்ப 50, ஆக 100 மீட்டர். இரவில் விளக்கு எரியும்போது காமிரா அரை ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இழப்பு 2.5 வோல்ட். 12 வோல்ட் அனுப்பினால் 9.5தான் போய்ச் சேரும். பகலில் ஒழுங்காக வேலை செய்யும் காமிரா இரவில் அணைந்து அணைந்து எரிவதற்கு இது முக்கியக் காரணம். திருடன் வருவதும் அந்த நேரத்தில்தானே!

செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி விலை குறைவு. ஆனால் இழப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. கம்பியின் நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம். பருப்பைக் கையில் எடுத்துப் பார்த்து வாங்கும் நமக்கு இது பெரிய காரியமன்று.

3. கேபிள் போகும் வழி

230 வோல்ட் மின்சார வயரோடு காமிரா கேபிளை ஒரே பைப்பில் விடக்கூடாது. ஆபத்து, படத்திலும் கோடுகள் விழும். ஓர் அடியாவது இடைவெளி வேண்டும். குறுக்கே போக நேர்ந்தால் நேர் குறுக்காகக் கடக்க வேண்டும். பைப்பை முழுக்க அடைக்காமல் பாதிக்கு மேல் காலியாக விட்டால், பின்னால் ஒரு கேபிள் சேர்க்க இடமிருக்கும். மூலைகளில் மடித்து ஒடிக்காமல் வளைத்து விட வேண்டும். கட்டும் டேக்கை இறுக்கி இழுத்தால் உள்ளே கம்பி நசுங்கும். நடுவழியில் ஒட்டுப் போடுவதைத் தவிர்ப்பது நல்லது.

4. எலியும் உப்புக் காற்றும்

அரிசி, பருப்பு மூட்டை உள்ள இடத்தில் எலி இல்லாமல் இராது. அது கேபிளையும் கடிக்கும். மூட்டை அடுக்கும் உயரம் வரையிலாவது கேபிளை இரும்புக் குழாயில் விடுங்கள்.

கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வணிகர்களுக்கு இன்னொரு பகை உப்புக் காற்று. திறந்து கிடக்கும் இணைப்புகளில் பச்சைக் களிம்பு பிடித்துவிடும். வெளிக் காமிராவின் இணைப்புகளை மழை புகாத பெட்டிக்குள் வைத்து மூடுங்கள். கேபிள் பெட்டியின் அடிப்பக்கமாக நுழையட்டும். நுழையுமுன் சற்றுத் தொய்வாகக் கீழே தொங்கவிட்டால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். வெளியில் போடும் கேபிளுக்கு வெயில் தாங்கும் கறுப்பு உறை வேண்டும்.

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்ததை மறந்திருக்க மாட்டோம். அப்படிப்பட்ட இரவுகளில் மின்சாரமும் இராது. ஆகவே பதிவுப் பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் பூட்டிய அலமாரியில் வைத்து, யு.பி.எஸ். இணைப்பும் கொடுங்கள். ஸ்விட்ச்சுக்கும் காமிராவின் மின்சாரப் பெட்டிக்கும் அதே யு.பி.எஸ். வேண்டும். இல்லையேல் பெட்டி ஓடும், படம் வராது.

5. கேபிளுக்கும் ஒரு பேரேடு

சரக்குக்கு ஸ்டாக் புத்தகம் இருப்பதுபோல் கேபிளுக்கும் கணக்கு வேண்டும். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே எண்ணைக் கட்டுங்கள். ‘1 - கல்லா, 2 - வாசல், 3 - குடோன் கதவு’ என்று எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். கேட்-6 கேபிளில் எட்டுக் கம்பிகளும் இரு முனையிலும் ஒரே நிற வரிசையில் இருக்க வேண்டும்: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. பழுதானால் எவர் வந்தாலும் பத்து நிமிடத்தில் கண்டுபிடிப்பார். இல்லையேல் தேடுவதற்கே ஒரு நாள் கூலி போகும்.

6. பணம் கொடுக்குமுன்

பில்லில் கேபிளின் கம்பெனிப் பெயர், மீட்டர் அளவு, செம்பா அலுமினியமா என்பதை எழுதி வாங்குங்கள். எல்லாக் காமிராவும் இரவில் ஓடியதைப் பதிவில் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

நம்மில் பலர் அமாவாசைதோறும் கடையைக் கழுவிப் பூசை போடுகிறோம். அன்று ஐந்து நிமிடம் ஒதுக்கி, முந்தின இரவுப் பதிவை ஒவ்வொரு காமிராவாகத் திருப்பிப் பாருங்கள். நேரடிப் படம் தெரிவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பதிவாகியிருக்கிறதா என்பதுதான் முக்கியம். திருட்டு நடந்த மறுநாள் கேபிளைத் தேடுவதில் பயன் இல்லை.