ஓம் கூடினால் ஓசை கூடுமா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிற இளைஞர்களை ஞாயிறு ஆராதனைக் குழுவில் பார்க்கலாம், கல்லூரி விழாவில் பார்க்கலாம், கல்யாண மெல்லிசைக் கச்சேரியில் பார்க்கலாம். பலரிடம் இருப்பது பத்து, பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய கிட்டார். அதன் சத்தம் அலுத்துப் போனதும் முதலில் வருகிற யோசனை, பிக்அப்பை மாற்றிவிடலாம் என்பதுதான். வெளிநாட்டுப் பெயர் பொறித்த பிக்அப் ஒரு ஜோடியின் விலை சில சமயம் கிட்டாரின் விலையையே தாண்டிவிடும். மாற்றுவதில் தவறில்லை. எதை மாற்றினால் எது மாறும் என்று தெரியாமல், காதில் விழுந்ததை நம்பி மாதச் சம்பளத்தைக் கரைக்கிறார்களே என்பதுதான் வருத்தம். அந்த நம்பிக்கைகளில் ஒன்று உயிரையே எடுக்கக்கூடியது. அதற்கும் வருகிறேன்.

பிக்அப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய பல்லாயிரம் சுற்று செம்புக் கம்பியும்தான். காந்தம் மேலே ஓடும் எஃகுத் தந்தியையும் காந்தமாக்குகிறது. தந்தி அதிர்ந்தால் காயிலுக்குள் காந்தப் புலம் கூடிக் குறைகிறது. 1831இல் ஃபாரடே கண்ட விதிப்படி கம்பியில் மின்னழுத்தம் பிறக்கிறது. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வந்த ரிக்கன்பேக்கர் ‘ஃப்ரையிங் பான்’ கிட்டாரிலும் இதே ஏற்பாடுதான். நேற்று வாங்கிய கிட்டாரிலும் இதேதான்.

“ஓம் அதிகம் என்றால் பவர் அதிகம்”

மல்டிமீட்டரை வைத்து, “இது ஆறு கிலோ ஓம், அது பதினான்கு, அதுதான் பலமானது” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். மீட்டர் காட்டுவது கம்பியின் மின்தடையை மட்டும். கம்பி நீண்டால் மின்தடை கூடும். கம்பி மெலிந்தாலும் கூடும். எட்டாயிரம் சுற்றுள்ள ஒரு காயிலை, சுற்றைக் கூட்டாமல், இன்னும் மெல்லிய கம்பியில் சுற்றிப் பாருங்கள், ஓம் எகிறும். வெளியே வரும் சத்தத்தின் அளவு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் பிக்அப் சுமார் 6 கிலோ ஓம், கிப்சனின் பி-90 சுமார் 8. இரண்டின் ஓசையும் வேறு வேறாக இருப்பதற்குக் காயிலின் வடிவம், காந்தம் இருக்கும் இடம், சுற்றுகளின் எண்ணிக்கை எல்லாம் சேர்ந்து காரணம்.

ஓம் கணக்கை நம்பி விலை பேசுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செம்பின் மின்தடை வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் 0.39 சதவீதம் ஏறும். ஏசி கடையில் 25 டிகிரியில் 6.0 காட்டிய பிக்அப், மே மாத மதியம் ஆவடியில் 38 டிகிரி கொதிக்கும் மாடி அறையில் 6.3 காட்டும். பிக்அப் அதே பிக்அப்தான்.

காது கேட்கிற வித்தியாசத்தை உண்டாக்குவது இண்டக்டன்ஸ். அதைச் சாதாரண மல்டிமீட்டர் காட்டாது, எல்.சி.ஆர். மீட்டர் வேண்டும். காயிலின் இண்டக்டன்ஸும் கிட்டார் வயரின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுக்கின்றன. அதற்கு மேலே உள்ளதை வெட்டிவிடுகின்றன. 2.4 ஹென்றி உள்ள ஒரு சிங்கிள் காயில் (ஒற்றைக் காயில்) பிக்அப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வயரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 100 பிகோ ஃபாரட், காயிலுக்குள்ளேயே இன்னொரு 100 என்று வைத்தால், 3 மீட்டர் வயரில் அந்த உச்சம் 5,100 ஹெர்ட்ஸ் பக்கம் நிற்கும். அதே கிட்டாரை மேடையில் 10 மீட்டர் வயரில் மாட்டினால் 3,100க்கு இறங்கிவிடும். வீட்டில் பளிச்சென்று கேட்ட கிட்டார் மண்டபத்தில் மந்தமாகக் கேட்கிறது, பிக்அப் போய்விட்டது என்று புகார் சொல்கிறவர்கள் முதலில் வயரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

“டோன் கெபாசிட்டருக்கு ஆயிரம் ரூபாய் போட்டால்தான் பழைய கால ஓசை வரும்”

வராது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் சில ரூபாய்க்குக் கிடைக்கிற பாலியெஸ்டர் கெபாசிட்டரும், ஆரஞ்சு நிற உடையணிந்த விலை உயர்ந்ததும் உண்மையான மதிப்பில் ஒன்றாக இருந்தால் கிட்டாருக்குள் ஒன்றாகவே வேலை செய்யும். மேலே 223 என்று இருந்தால் 0.022 மைக்ரோ ஃபாரட், 473 என்று இருந்தால் 0.047. மாற்றிப் போட்டவர் கேட்கிற வித்தியாசம் பெரும்பாலும் அச்சிட்ட மதிப்புக்கும் உள்ளே இருக்கும் மதிப்புக்கும் உள்ள இடைவெளி. டோன் குமிழை முழுதாகத் திறந்து வைத்தே வாசிக்கிறவருக்கு அதுவும் அநேகமாகக் கேட்காது.

காசு போட வேண்டிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது: வால்யூம், டோன் பாட்கள். சிங்கிள் காயிலுக்கு 250 கிலோ ஓம், இரண்டு காயில் உள்ள ஹம்பக்கருக்கு 500 என்பது வழக்கம். பாட் குறைந்தால் மேலே சொன்ன உச்சம் அமுங்கி ஓசை மிருதுவாகும், கூடினால் கூர்மையாகும். மலிவான பாட்களில் 20 சதவீத ஏற்றத்தாழ்வு சாதாரணம். அதனால் நாலைந்து வாங்கி அளந்து, பிடித்த மதிப்பைப் போடுவது நல்லது. மேலே எழுதியிருக்கும் ஏ, பி எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஊருக்கு ஊர் அது மாறும். குமிழைப் பாதியில் நிறுத்தி அளந்தால் ஒரு பக்கம் சரிபாதி காட்டினால் லீனியர், பத்துப் பதினைந்து சதவீதம் காட்டினால் லாக். பிக்அப்பைத் தொடாமல், சில நூறு ரூபாயில், சோல்டரிங் ஐயனும் பொறுமையும் இருந்தால் முடிகிற வேலை இது.

“ஹம்பக்கர் போட்டால் இரைச்சலே இருக்காது”

கிப்சன் நிறுவனத்தில் இருந்த சேத் லவர் 1955இல் ஹம்பக்கருக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது ஒரு குறிப்பிட்ட இரைச்சலுக்கு எதிராக. இரண்டு காயிலை எதிரெதிராக இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். தந்தியின் சமிக்ஞை கூடும். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் காந்தப் புலமாக வருகிற 50 ஹெர்ட்ஸ் முனகல், அதாவது ஹம், கழிந்துவிடும். எல்.இ.டி. விளக்கின் டிரைவர், சில எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், மலிவான சார்ஜர் ஆகியவை கிளப்புகிற ‘ஜ்ஜ்ஜ்’ என்ற சத்தம் வேறு வகை. அதில் பெரும்பகுதி மின்புலமாக வந்து உள்வயரில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு மருந்து, கிட்டாரின் குழியில் செம்புத் தகடு டேப்பை ஒட்டி, மூலைக்கு மூலை தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்து, எர்த்தோடு இணைப்பது. எந்த பிக்அப்பாக இருந்தாலும் நான் முதலில் சொல்வது இந்த வேலையைத்தான்.

தந்தியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, ஆகவே எர்த் சரியில்லை என்பதும் பரவலான நம்பிக்கை. உண்மை நேர்மாறானது. நம் உடம்பு அறையில் உள்ள இரைச்சலை வாங்கி கிட்டாரின் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு நிற்கிறது. தந்தி எர்த்தோடு இணைந்திருந்தால், தொட்டதும் உடம்பும் எர்த் ஆகி இரைச்சல் அடங்கும். அந்த இணைப்பு ஒழுங்காக இருப்பதற்கு அதுவே சாட்சி. தொட்டால் இரைச்சல் கூடுகிறது என்றால்தான் வயரிங்கில் தேட வேண்டும்.

இனி, உயிர் சம்பந்தப்பட்டது. ஆம்ப்ளிஃபயரின் மூன்று பின் பிளக்கில் தடித்த பின்னை வெட்டிவிட்டால் ஹம் போய்விடும் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொடுக்கிறார்கள். சில சமயம் ஹம் போகவும் செய்யும், அதனால்தான் இந்தப் பழக்கம் சாகாமல் இருக்கிறது. அந்த பின் போனபின் ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு கோளாறு வந்தால் 230 வோல்ட் நேராகத் தந்திக்கு வரும். வாசிப்பவரின் விரல் தந்தியில், உதடு மைக்கில். மைக் மிக்ஸர் வழியாக எர்த் ஆகியிருக்கும். மின்சாரம் போகிற வழி கைக்கும் வாய்க்கும் நடுவே, நெஞ்சைக் கடந்து. 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மேடையில் மைக்கைத் தொட்டபோது இறந்தார். தெருவில் ஷாமியானா போட்டு, ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயர், கோவில் கம்பத்திலிருந்து ஒரு வயர் என்று இழுக்கிற நம் மேடைகளில் இதற்கான வாய்ப்பு இன்னும் அதிகம்.

ஹம் எர்த் சுழற்சியால் (இரண்டு வழியாக எர்த் ஆவதால்) வருகிறது என்றால் வழி இருக்கிறது. மிக்ஸரையும் ஆம்ப்ளிஃபயரையும் ஒரே போர்டிலிருந்து கொடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால், கிட்டாருக்கும் மிக்ஸருக்கும் நடுவே மாட்டுகிற டி.ஐ. பாக்ஸில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைப் போடுங்கள்; அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், மின் எர்த்தைத் தொடாது. மேடைக்கான லைனில், மின்கசிவு வந்தால் துண்டித்துவிடுகிற 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று மண்டபத்து எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள், கேட்பதில் வெட்கம் வேண்டாம். பின் வெட்டிய பிளக்கைப் பார்த்தால் அதில் வாசிக்காதீர்கள். யார் சொன்னாலும்.

“பிக்அப்பைத் தந்திக்கு நெருக்கமாக ஏற்றினால் சத்தம் கூடும்”

கூடும், ஓர் அளவுக்கு. காந்தம் மிக நெருங்கினால் தந்தியை இழுக்கத் தொடங்கும். கனத் தந்திகளில் ஸ்ருதி அலையும், நாதம் சீக்கிரம் செத்துவிடும். கடைசி ஃப்ரெட்டை அழுத்தி வைத்துக்கொண்டு, மெல்லிய தந்திப் பக்கம் 2 மி.மீ., கனத் தந்திப் பக்கம் 2.5 முதல் 3 வரை இடைவெளி விட்டுத் தொடங்குங்கள். புது பிக்அப் கேட்பவர்களில் சிலருக்கு வேண்டியது ஒரு ஸ்க்ரூடிரைவர் மட்டும்.

“இதெல்லாம் வெளிநாட்டில்தான் சுற்ற முடியும்”

இந்த நம்பிக்கைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அம்பத்தூருக்குப் பக்கத்துப் பாடியில் லூகாஸ் டிவிஎஸ் 1961இல் வந்தது. ஸ்டார்ட்டர் மோட்டாரும் ஆல்டர்நேட்டரும் செய்கிற தொழிற்சாலை. அம்பத்தூர் தொழிற்பேட்டை அதே பத்தாண்டில் எழுந்தது. காயில் கட்டுவதும் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுவதும் இந்தப் பக்கத்துக்குப் பழகிய தொழில். தெருமுனையில் ஃபேனும் பம்பு மோட்டாரும் ரீவைண்டிங் செய்கிற கடை இருக்கிறது. கிட்டார் பிக்அப்புக்கு வேண்டியதும் எனாமல் பூசிய செம்புக் கம்பியும் சுற்றுகளை எண்ணுகிற இயந்திரமும்தான்.

சிக்கல் கேஜ் எண்ணில் ஒளிந்திருக்கிறது. அமெரிக்கக் குறிப்புகளில் ‘42 கேஜ்’ என்று போட்டிருக்கும். அது அமெரிக்க அளவு: 0.063 மி.மீ., ஒரு தலைமுடியின் கனம். நம் ஊர்க் கம்பிக் கடைகளில் புழங்குவது எஸ்.டபிள்யூ.ஜி. அளவு. அங்கே போய் 42 என்று கேட்டால் 0.1 மி.மீ. கம்பி தருவார்கள். அதில் எட்டாயிரம் சுற்று பாபினில் அடங்காது. அடங்கினாலும் மின்தடை 2.3 கிலோ ஓம் அளவில்தான் நிற்கும். அந்தக் காயில் சொதப்பியதும், உள்ளூர் வேலை சரிப்படாது என்று பெயர் வந்துவிடுகிறது. கேட்க வேண்டியது எஸ்.டபிள்யூ.ஜி. 46, அதைவிட நல்லது, கேஜை விட்டுவிட்டு மில்லிமீட்டரில் கேட்பது.

ஃபேன் காயில் கட்டுகிற அதே கையிழுப்பில் இந்தக் கம்பி அறுந்துவிடும் என்பதும் உண்மை. ரிலே, சொலினாய்டு போன்ற மெல்லிய காயில் சுற்றிப் பழகியவரைத் தேடுங்கள். அவரிடம் மூன்றைச் சொன்னால் போதும்: கம்பியின் விட்டம், சுற்றுகள் (சிங்கிள் காயிலுக்கு எட்டாயிரம் அளவில், பழைய வகை ஹம்பக்கரின் ஒவ்வொரு காயிலுக்கும் ஐயாயிரம் அளவில்), சுற்றும் திசை. பிறகு பாரஃபின் மெழுகில் கொஞ்சம் தேன்மெழுகு கலந்து, 65 டிகிரியைத் தாண்டவிடாமல் காயிலை அதில் முக்கி எடுத்தால், கம்பிகள் தளர்ந்து கீச்சிடுவது நிற்கும். சூடு மீறினால் பிளாஸ்டிக் பாபின் கோணிவிடும். குயீன் குழுவின் பிரையன் மே, 1963இல் தந்தையோடு வீட்டிலேயே கட்டத் தொடங்கிய கிட்டாரில், கடையில் வாங்கிய பர்ன்ஸ் பிக்அப்புகளுக்குள் அரால்டைட் ஊற்றி இதே வேலையைச் செய்தார்.

“கமகத்துக்கு எலக்ட்ரிக் சரிப்படாது”

பிரையன் மே முதலில் பிக்அப்பையும் தானே செய்து பார்த்தவர். காந்த முனைகளை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி வைத்திருந்தார். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தபோது, ஒரு முனையிலிருந்து எதிர் முனைக்குத் தந்தி கடக்கும் இடத்தில் ஓசை கெட்டது. அதனால்தான் கடைக்குப் போனார். தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிற நம்மவர்களுக்கு இது நேரடியான செய்தி. தனித்தனிக் காந்தக் கம்பங்களுக்கு நடுவே தந்தி போகும்போது சத்தம் சற்று இறங்கும். நீளமான ஒரே பட்டை வைத்த பிக்அப்பில் அந்த இறக்கம் அநேகமாக இல்லை. கர்நாடக இசைக்கென்று காயில் சுற்றச் சொல்கிறவர் கேட்க வேண்டியது பட்டை வகையைத்தான்.

கமகம் பிறப்பது விரலில். மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் 1981இல் சென்னை மேடையில் எலக்ட்ரிக் மாண்டலினோடு சிறுவனாக வந்து உட்கார்ந்தபோது, இந்த வாத்தியத்துக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டவர்கள் இருந்தார்கள். மரக்கூடு உள்ள மாண்டலினில் நாதம் நீடிக்காது; இரட்டை இரட்டையாக நான்கு ஜோடித் தந்தி இருப்பதால் கமகமும் வசப்படாது. அவர் வாசித்தது ஐந்து ஒற்றைத் தந்திகள் உள்ள எலக்ட்ரிக் வாத்தியம். அவர் வாத்தியத்தில் செய்த மாற்றங்களில் முக்கியமானதாக நான் நினைப்பது இந்தத் தந்தி ஏற்பாட்டைத்தான். பிக்அப்பின் பெயரை அல்ல.

கிட்டார் பிக்அப்பைக் கழற்றி வீணையில் மாட்டலாமா என்றும் கேட்கிறார்கள். வீணையில் சாரணி, பஞ்சமம் என்ற இரண்டு தந்திகளும் எஃகு, அவை கேட்கும். மந்தரமும் அனுமந்தரமும் பித்தளையாகவோ வெண்கலமாகவோ இருந்தால் காந்தம் அவற்றைப் பிடிக்காது. நான்கில் இரண்டு தந்தி ஊமையாகிவிடும். அங்கே வேண்டியது, மரத்தின் அதிர்வை எடுக்கிற கான்டாக்ட் மைக்.